75 லிட்டர் கடல்

75 லிட்டர் கடல் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. ஒட்டாவாவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் கண்ணாடித் தொட்டியில் இருப்பது நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான். அதிலிருக்கும் குளோரமைனையும் செம்பையும் இன்னபிறவற்றையும் சவ்வு வடிகட்டியில் நீக்கி, ஒன்றுமில்லாத நீராக்கி, பிறகு வாளியில் வாங்கிய உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்திருக்கிறேன். வெப்பநிலை 25.5 டிகிரி. அடர்த்தி 1.025. அலை அடிப்பது உள்ளங்கை அளவு பம்ப் ஒன்று. காலை 10 மணிக்கு விடிவதும் இரவு 8 மணிக்கு அடைவதும் எல்.இ.டி. விளக்கு. தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்திவிடுவதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஒரு மிதவை உணரியும் சின்ன மோட்டாரும் அந்த வேலையைச் செய்கின்றன. இந்துமகா சமுத்திரத்தில் இதை யாரும் செய்வதில்லை.

கடலில் ஒரு மீன் செத்தால் அதற்கு ஆள் கிடையாது. பெரிய மீன் தின்றது, புயல் அடித்தது, வயதாயிற்று. 'இயற்கை' என்று சொல்லி முடித்துக்கொள்வோம். விசாரணையை அத்துடன் மூடிவிடுகிற சொல் அது. தொட்டிக்குள் அந்தச் சொல் செல்லாது. சூடு நான் வைத்தது, உப்பு நான் போட்டது, எந்த மீனுக்குப் பக்கத்தில் எந்த இறால் இருக்க வேண்டும் என்பதும் நான் தீர்மானித்தது. அங்கே நடக்கிற எதுவும் தானாக நடந்தது அல்ல.

என் தொழிலில் இப்படி இல்லை. ஒரு வங்கியின் மென்பொருள் நின்றுபோனால் மறுநாள் 12 பேர் கூட்டத்தில் உட்கார்ந்து காரணத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். கூட்டம் முடியும்போது காரணம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். இருபது வருடமாக இந்தப் பழக்கத்தில் ஊறியவனுக்குத் தொட்டி கொஞ்சம் அச்சமாகத்தான் இருக்கிறது.

'உயிரைப் பெட்டிக்குள் வைப்பது சரியா?' என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. கேட்டுவிட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள். என் கேள்வி அதிலிருந்து கொஞ்சம் விலகியது. ஒரு சின்ன உலகத்தை உண்டாக்குகிறவனின் பொறுப்பு எதுவரை போகும்? நன்றாகப் பார்த்துக்கொள்வதால் எடுத்துவந்த கணக்கு தீர்ந்துவிடுமா?

பவளத் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது கல்லுக்காக. மீன் பிறகுதான். கடலிலிருந்து உயிர்ப்போடு எடுத்த கல் உண்டு. சிமெண்டில் வார்த்த செயற்கைக் கல் உண்டு. ஒரு காலத்தில் பவளப்பாறையாக இருந்து, கடல் பின்வாங்கிய பிறகு நிலத்துக்குள் தங்கிப்போனதை வெட்டி எடுத்து விற்பதும் உண்டு. நான் வாங்கியது இந்த மூன்றாவது வகை, ஏறக்குறைய 8 கிலோ. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "கல்லுக்குமா காசு, எய்யா?" என்றாள்.

அவள் கேட்டதில் ஆச்சரியமில்லை. எனக்கு ஊர் தூத்துக்குடி. மன்னார் வளைகுடாக் கரையில் முருகைக்கல் யாரும் காசு கொடுத்து அலங்காரத்துக்கு வாங்குகிற பொருளாக இருந்ததில்லை. சுவர் கட்டினார்கள், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்கப் பவளக்கல். 2001-இல் இந்திய வனவிலங்குச் சட்டம் பவளத்தைப் புலிக்குச் சமமான பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தோணிகளில் கல் வந்துகொண்டுதான் இருந்தது. வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. பார் உடைந்தால் அலையைத் தடுக்க ஆளில்லை. (எங்கள் கரையில் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். முத்துக் குளித்ததும் பாரில்தான்.)

அவர்கள் டன் கணக்கில் எடுத்தார்கள், ஒருவர் தூக்கமும் கெடவில்லை. நான் கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறேன். என் தயக்கம் வசதியில் விளைந்தது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் வசதி வந்த பிறகு வருகிற கேள்வி பொய்க்கேள்வி ஆகிவிடாது. அடுப்பு எரியாதவனிடம் போய் அதைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பவளத் துண்டைத் தூத்துக்குடியில் வைத்திருந்தால் நான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஒட்டாவாவில் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. பவளம் ஒன்றுதான், நான் நிற்கும் இடம்தான் வேறு.

கல்லை அடுக்குவது ஒரு தனிக் கலை. நன்னீர்த் தொட்டிகளில் அதைக் கலையாக்கி உலகம் முழுவதும் பரப்பியவர் நிகாட்டாவைச் சேர்ந்த தக்காஷி அமானோ. 2015-இல் காலமானார். கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களும் அவர் வழியில் வந்த சில பழக்கங்களைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கல்லை நடுவில் குவிக்காதே, மூன்றில் ஒரு பங்கில் வை. இரண்டு தீவாகப் பிரி. வெற்றிடத்துக்கும் இடம் கொடு. இவை கண்ணுக்கான விதிகள். உயிருக்கான விதிகள் தனி. கல் பின்கண்ணாடியைத் தொடக் கூடாது, தண்ணீர் பின்னாலும் சுற்றிவர வேண்டும், இல்லையென்றால் அழுக்கு தங்கும். மணலைப் போட்ட பிறகு கல்லை வைக்கக் கூடாது. முதலில் கல்லை அடிக்கண்ணாடியில் நிறுத்தி, பிறகுதான் மணல். குழி தோண்டுகிற இறால் ஒன்று பிற்பாடு வந்தால், மணலில் நிற்கிற கல் அதன் தலையிலேயே சரியும். மூட்டுகளைப் பசையாலும் எபோக்ஸி மாவாலும் ஒட்ட வேண்டும்.

மேசைமேல் ஒரு அட்டையில் தொட்டியின் அளவை வரைந்து மூன்று வார இறுதிகள் அடுக்கிக் கலைத்தேன். அழகாக வந்த அடுக்குகள் எல்லாவற்றிலும் ஒரே சங்கடம். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஒரு வளைவு, கீழே வெண்மணல், பின்னால் நீலம், படம் எடுக்கத் தோதாக. அதில் மீன் எங்கே தூங்கும்? மிரண்டால் எங்கே ஒளியும்? நல்ல பொந்து என்றால் அதன் வாய் பின்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் காசு கொடுத்து வாங்கிய மீனை நான் பாதி நேரம் பார்க்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தொட்டி பார்ப்பதற்காக இருக்கிறது. அதற்குள் இருக்கிற உயிருக்கோ பார்க்கப்படாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. இரண்டும் ஒரே கல்லின் இரண்டு முகம். எதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் நம் நோக்கம் வெளியே வந்துவிடுகிறது. கடைசியில் இடப்பக்கத் தீவை அதன் அழகான முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். பின்பக்கம் இரண்டு பொந்துகள். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் மொட்டைப் பாறைதான். மனைவி இன்றுவரை அதைத் தப்பாக அடுக்கியது என்றே நினைக்கிறாள். அவளுக்கு உட்காரப் பிடித்த நாற்காலியிலிருந்து பார்த்தால் தப்புதான்.

காணப்படாமல் இருப்பதை ஓர் உரிமை என்று சொன்னால் பெரிய பேச்சாக இருக்கலாம். பத்து நிமிடம் பின்னால் போய் நிற்க முடிகிற மீனின் நிறம் வேறு, முடியாத மீனின் நிறம் வேறு. இரண்டையும் பார்த்தவர்களுக்கு அது பேச்சாகத் தெரியாது.

கல்லும் தண்ணீரும் வைத்த உடன் மீன் விட முடியாது. கழிவிலிருந்து வருகிற அமோனியா நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முன்பெல்லாம் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். மலிவான டாம்செல் மீன் இரண்டை விட்டுவிடுவார்கள். அதன் கழிவில் நுண்ணுயிர் வளரும், மீன் நஞ்சில் நிற்கும். பிழைத்தால் பிழைக்கும். 'அது தாங்கும்' என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். தாங்கும் என்பது அனுமதி ஆகுமா? மனிதர்கள் விஷயத்திலும் இதே நியாயத்தைக் கேட்டிருக்கிறோம், வெயிலில் கட்டடம் கட்டுகிறவர்களைப் பற்றி. இப்போது அமோனியம் குளோரைடு சொட்டாகவே புட்டியில் கிடைக்கிறது. ஐந்து வாரம் வெறும் கல்லுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள். வரும் என்றோம்.

வந்தவை இரண்டு கோமாளி மீன்கள். கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலான வகைகள் இன்றும் பிடித்தே விற்கப்படுகின்றன. கோமாளி மீன் விதிவிலக்கு. 1970களில் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ அதை விற்பனைக்கு ஏற்ற அளவில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். எங்கள் ஊர்ப் பக்கம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் செய்திருக்கிறது. ஆகவே கடலிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்தலாம்.

நிமிர்த்துவதற்கு முன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கடல் அலங்கார மீன் ஏற்றுமதி ஒரு வணிகமாகத் தொடங்கியது 1930களில், இலங்கையில். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்தக் கரைகளில் முக்குளித்து மீன் பிடித்தவர்களைத் தெரிந்திருக்கலாம். பாறை உயிரோடு இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அதைக் காப்பதில் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எல்லா மீனும் ஃபுளோரிடாக் கொட்டகையில் பிறக்கும் நாளில் அந்தக் காரணம் போய்விடும். என் சுத்தமான மனசாட்சிக்கு இன்னொருவர் வீட்டு அடுப்பு விலையாகிறது. இந்த வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பண்ணை மீனைத்தான் வாங்கினேன். 1960களில் பிலிப்பைன்சில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பு பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சுவார்கள், மீன் மயங்கி வெளியே வரும், சுற்றியுள்ள பவளம் சாகும். அப்படிப் பிடித்த மீனும் வலை போட்டுப் பிடித்த மீனும் கடைத் தொட்டியில் ஒன்று போலத்தான் நீந்தும். கடைக்காரருக்கே தெரியாது. எனக்குப் பார்க்க முடியாத ஒன்றை நம்பி வாங்குவதைவிடப் பார்க்க முடிந்ததை வாங்கினேன். அதில் இழப்பவர் யார் என்பது தெரிந்தே.

புலம்பெயர்ந்தவன் மீன்தொட்டி வைத்தால் உருவகம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஊர்க்கடலை விட்டு வந்தவன், கண்ணாடிக்குள் வாழ்கிறவன் என்று. நண்பர் ஒருவர் இதைக் கவிதையாகவே எழுதி அனுப்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் விண்ணப்பம் போட்டு, மேல்படிப்புக்கு இடம் வாங்கி, விசா எடுத்து, அம்மா கட்டிக்கொடுத்த பொடிகளோடு விமானம் ஏறி வந்தவன். அகதியாக வந்தவர்களும், வேறு வழி இல்லாமல் வந்தவர்களும்கூட, எந்த இரவு கிளம்புவது என்று முடிவெடுத்துத்தான் கிளம்பினார்கள். மீன் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. உருவகத்தை ஏற்றுக்கொண்டால் அந்த வித்தியாசம் மறைந்துபோகும். இங்கே மறையக் கூடாதது அது ஒன்றுதான்.

என் மகளுக்கு 14 வயது, பிறந்தது இங்கே. அவள் என்னைவிட நேராக யோசிக்கிறாள். "அப்பா, இது பண்ணையில பொறந்தது. கடலையே பார்த்ததில்லை. அப்போ எதைத் தொலைச்சதுன்னு நீங்க கவலைப்படுறீங்க?" என்றாள். தொலைப்பதற்கு முதலில் இருந்திருக்க வேண்டும் என்பது அவள் வாதம். அது மீனைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குப் புரிந்தது. தூத்துக்குடியை அவள் இழந்துவிட்டதாக நான் அவ்வப்போது பெருமூச்சு விடுவதற்கும் சேர்த்துத்தான் பதில்.

பதிலுக்கு நான் காட்டியது ஒன்றைத்தான். கடலில் கோமாளி மீன் சாமந்திக் கூட்டத்துக்குள்தான் வாழும். கடல் சாமந்தி என்று நாம் சொல்லும் அந்தக் கொட்டும் உயிருக்குள். எங்கள் தொட்டியில் சாமந்தி இல்லை. இந்த இரண்டும் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. இருந்தும் வந்த மூன்றாம் மாதம், சுத்தியல் பவளத்தின் கைகளுக்குள் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தன. சில தொட்டிகளில் எதுவும் கிடைக்காமல் பம்பின் மூலையிலேயே போய்ப் படுக்கும். பார்த்திராத ஒன்றை உடம்பு தேடுகிறது. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேடுதுன்னு நீங்க சொல்றீங்க. அதுக்கு அந்த இடம் பிடிச்சிருக்குன்னு நான் சொல்றேன்" என்றாள். இருவரும் அவரவர் கட்சியில் இருக்கிறோம்.

பவளம் என்பதும் உயிர்தான், விலங்கு. தன் சதைக்குள் பாசி நுண்ணுயிர்களைக் குடிவைத்து, அவை வெயிலில் சமைப்பதில் பங்கு வாங்கிச் சாப்பிடுகிற விலங்கு. எலும்பு சுண்ணாம்பு. அது வளர வளரத் தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் குறையும், நாம் ஈடு செய்ய வேண்டும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஜெர்மன் பெயரில் கால்க்வாசர் என்பார்கள். வேறொன்றும் இல்லை, சுண்ணாம்புத் தெளிவுநீர். ஊரில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம், இங்கே சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்க்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது வெற்றிலைக்குத் தடவுகிறதா என்று கேட்டாள். ஏறக்குறைய அதுதான்.

அதே சுண்ணாம்பைக் குழைத்து ஊசியில் எடுத்து நான் கொல்லவும் செய்கிறேன். ஐப்டேசியா என்று ஒரு சின்னக் கடல் சாமந்தி. பவளத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஒன்று பத்தாகும், பக்கத்துப் பவளத்தைக் கொட்டி எரிக்கும். தொட்டி வைக்கிறவர்கள் அதைக் களை என்பார்கள். பவளத்துக்குள் பாசி எப்படிக் குடியேறுகிறது, சூட்டில் ஏன் வெளியேறுகிறது என்று ஆராய்கிற ஆய்வகங்களில் இதே ஐப்டேசியாவைத்தான் பாத்திரத்தில் வைத்து ஊட்டி வளர்க்கிறார்கள். பவளத்தைவிட வளர்ப்பது எளிது, இரண்டுக்குள்ளும் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. கேட்டு வாங்கிய உயிருக்கு மருந்து, கேட்காமல் வந்த உயிருக்கு ஊசி. கொல்லாமல் விட்டால் பவளம் சாகும், அதுவும் என் கணக்கில்தான் ஏறும். ஊசியைக் கீழே வைப்பதால் கை கழுவியதாகாது. இந்தச் சின்ன உலகத்தில் சும்மா இருப்பதும் ஒரு செயல்.

2022 மே 21, விக்டோரியா தின வார இறுதி. ஒன்டாரியோவையும் கியூபெக்கையும் தாண்டிப்போன அந்தப் பெருங்காற்று ஒட்டாவாவில் மின்கம்பங்களைத் தீக்குச்சிகளைப் போல முறித்துப்போட்டது. லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில். எங்கள் தெருவில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் தொட்டியில் முதலில் தீர்வது சூடு அல்ல, உயிர்க்காற்று. நீர் அசையாவிட்டால் சில மணி நேரத்தில் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடுகிற காற்றுக்குழாய் ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் மாலை பேட்டரிகள் தீர்ந்தன, திறந்திருந்த கடைகளிலும் தீர்ந்துவிட்டன.

மூன்று வீடு தள்ளி இருக்கும் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், எங்கிருந்தோ ஒரு சின்ன ஜெனரேட்டர் கொண்டுவந்தார். இரண்டு வயருக்கு மேல் தாங்காது. ஒன்று அவருடைய அம்மாவின் இன்சுலின் இருந்த குளிர்பெட்டிக்கு, அதில் பேச்சே இல்லை. மற்றது அவர் வீட்டு ஆழ்குளிர்பெட்டிக்கு. அடுத்த வாரம் அவர் வீட்டில் விசேஷம். அறக்குளாவும் இறாலும் கணவாயுமாக நிறைத்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதே சரி. இரண்டு விரல்கடை மீனுக்காக ஒருவர் வீட்டு விசேஷச் சாப்பாட்டைக் கேட்பது என்ன நியாயம்? என் பெட்டி, என் மீன், என் பொறுப்பு என்று இத்தனை பக்கம் எழுதுகிறேனே, அந்தப் பொறுப்பு பக்கத்து வீட்டுப் படியேறலாமா?

மகள் போய்ச் சொல்லியிருக்கிறாள். அண்ணை வயரை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "உயிரோட இருக்கிறதுக்கு முதல் குடுப்பம், தம்பி. செத்ததைச் சமைச்சுப் போடலாம்" என்றார்.

அப்படியே நடந்தது. பம்ப் ஓடத் தொடங்கியது. உருகத் தொடங்கியிருந்த மீனையெல்லாம் அன்று மாலை அவர் வீட்டு முற்றத்தில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்தோம். அறக்குளாக் குழம்பு, இறால் பொரியல், கணவாய்க் கறி. தெருவே வந்து சாப்பிட்டது. பெயர் தெரியாத அண்டைவீட்டார், மரம் வெட்ட வந்திருந்த ஊழியர்கள் எல்லோரும். இரண்டு மீனைக் காப்பாற்றிவிட்டு வந்து நானும் பல கிலோ மீனைச் சாப்பிட்டேன். குழம்பு அருமையாக இருந்தது.

அந்த மாலையை எந்தத் தத்துவத்திலும் அடைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அறக்குளாவின் உயிருக்கும் கோமாளி மீனின் உயிருக்கும் எடை வித்தியாசம் இருப்பதாக என்னால் நிரூபிக்க முடியாது. ஒன்றே ஒன்று சொல்லலாம். அறக்குளா என்னை நம்பி இருக்கவில்லை. அது கடலில் தன் பாட்டில் வாழ்ந்து, ஒரு நாள் மாட்டிக்கொண்டது. தொட்டி மீனின் ஒவ்வொரு மூச்சும் நான் செருகிய ஒரு பிளக்கில் தொங்குகிறது. அந்த நிலைமையை உண்டாக்கியவன் நான். நம்மை அண்டி நிற்க வேண்டிய கட்டாயத்தில் ஓர் உயிரை வைத்துவிட்டால், அதன் பிறகு அதன் எடையைக் கேட்கிற சுதந்திரம் நமக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இது புதிதல்ல. அண்ணைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, அவர் செய்ததற்குப் பெயர் வேறு.

தொட்டிக்காரர்கள் அண்மைக்காலமாக வேறொரு நியாயமும் சொல்கிறார்கள். கடலே இப்போது பாதுகாப்பான இடம் இல்லையாம். 2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் ஒரு விரிகுடாவில் தண்ணீர் 38 டிகிரியைத் தொட்டது. மீட்புக் குழுக்கள் பவளங்களைக் கடலிலிருந்து அள்ளிக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோயின. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவும் 2010-லும் 2016-லும் வெளிறியது. ஆகவே நாங்கள் எல்லோரும் நோவாவின் பேழை என்கிறார்கள். பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பேழையில் எந்த உயிர் எந்தக் கரையிலிருந்து வந்தது என்ற கணக்கு இருக்க வேண்டும், ஒருநாள் திருப்பி விடுகிற நோக்கம் இருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் சுத்தியல் பவளம் யாரோ ஒருவர் தொட்டியில் வெட்டி, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து, கை மாறி வந்த துண்டு. அதன் மூலக்கடல் எது என்று யாருக்கும் தெரியாது. நான் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருப்பதால். வேறு பெயர் வைக்க விருப்பமில்லை.

வலப்பக்கத் தீவின் உச்சியில் தட்டையாக ஓர் இடம் விட்டு அடுக்கியிருந்தேன், ஒரு கடல் சாமந்திக்காக. நல்ல வெளிச்சம், மிதமான ஓட்டம். மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், மீன்களுக்கும் அது கிடைத்தால் நல்லதுதான். ஆனால் கடலில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. சின்னத் தொட்டியில் இடம் பிடிக்காமல் நகர்ந்து போய் பம்பில் சிக்கும், இல்லையென்றால் மெல்லச் சுருங்கும். இரண்டு மீனின் வசதிக்காக மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்து பந்தயம் வைக்க மனம் வரவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. படத்தில் பார்ப்பவர்கள் அதை வெற்றிடக் கலை என்று பாராட்டுகிறார்கள்.

கோமாளி மீன் தொட்டியில் 20 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த கணக்கு உண்டு. எனக்கு 46. என் ஒப்பந்தங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறவை, அடுத்தது கல்கரியிலா மொன்றியலிலா என்று தெரியாது. மகள் நான்கு வருடத்தில் பல்கலைக்கழகம் போய்விடுவாள். ஆகவே தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, எந்த பிளக்கை எப்போதும் பிடுங்கக் கூடாது. கீழே, எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று பெயர்கள். முதல் பெயர் மனைவி. கல்லைத் திருப்பி வைப்பேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். இரண்டாவது மகள். மூன்றாவது பெயரை அண்ணையே கேட்டுப் போட்டுக்கொண்டார். அவருக்கு 67 வயது.

"நான் உமக்கு முதல் போயிடுவன், தம்பி" என்றார். "எண்டாலும் எழுதும்."